பரிமளா சொல்லாத பெயர்

கொலைகாரன் யார் என்றே தெரியாமல் ஒரு மனிதர் முப்பது வருஷம் கொலைக்கதை எழுதினார் என்றால் நம்புவீர்களா? காவாந்தண்டலம் தாமோதரன் எழுதினார். ஒன்றல்ல இரண்டல்ல, ஒரு அலமாரி கொள்ளாத அளவுக்கு எழுதினார். அத்தனையும் சரித்திர மர்ம நாவல்கள். அத்தனையும் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய உத்திரமேரூரில் நடப்பவை. பராந்தகன் ஆட்சி, ஊர்ச் சபை, குடவோலை என்று பள்ளிக்கூடத்தில் நாமெல்லாம் கொட்டாவி விட்டுக்கொண்டே படித்த சங்கதிகளை எடுத்து, நடுவில் ஒரு பிணத்தைப் போட்டுவிடுவார். அப்புறம் புத்தகத்தை யார் கீழே வைப்பார்கள்?

துப்பறிகிறவன் பெயர் நக்கன். ஏரி வாரியத்தின் கீழ் மதகு திறந்து மூடுகிற ஆள். கையில் வாள் கிடையாது, ஏறிப்போகக் குதிரை கிடையாது, எந்த அரசகுமாரியும் அவனைப் பார்த்து மயங்கமாட்டாள். முதல் அத்தியாயத்தில் யாராவது செத்துக் கிடப்பார்கள். பேய் அடித்தது, முனி அறைந்தது என்று ஊரே நடுங்கும். கடைசி அத்தியாயத்தில் நக்கன் சபை முன்னால் வந்து, பேயுமில்லை முனியுமில்லை, இதோ இந்த ஆள்தான் என்று ஒருவனைக் கைகாட்டுவான். 'தொடக்கத்தில் பேய், முடிவில் ஆள்' என்று, சென்னையில் மாத நாவல் போடுகிற ஆல்வின் அட்டையிலேயே அச்சடித்துவிட்டார். சாமியாடி, குறிசொல்லி, மந்திரிக்கிறவன் என்று ஒருத்தரையும் தாமோதரன் விட்டுவைத்ததில்லை. எல்லாருடைய குட்டும் நக்கனிடம் வந்து உடைந்திருக்கிறது.

கொலைகாரனை முன்கூட்டியே கண்டுபிடித்துவிட்டேன் என்று சொன்ன வாசகர் ஒருத்தர்கூடக் கிடையாது. திருச்சி வக்கீல் ஒருவர் போன் செய்து, "எப்படி சார் இப்படி யோசிக்கிறீங்க?" என்று கேட்டார். "எல்லாம் முன்னாடியே திட்டம் போட்டு வச்சிருப்பேன்" என்று தாமோதரன் கூசாமல் புளுகினார். திட்டமாவது, மண்ணாவது! யோசித்ததெல்லாம் அவர் பெண்டாட்டி.

பரிமளா அவருக்குத் தாய்மாமன் மகள். கல்யாணத்துக்கு முன்னாலும் மாமா, பின்னாலும் மாமா. ஊருக்கு முன்னால் 'வாங்க, போங்க'. தனியாக இருந்தால் 'நீ'தான். அவர் விடிகாலையில் எழுந்து ஒரு அத்தியாயம் எழுதுவார். அவள் மாடு கறந்து, நாஷ்டாவுக்கு இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றிவிட்டு, முறத்தில் கீரையை வைத்துக்கொண்டு உட்காருவாள். அவர் எதிரில் போய் உட்கார்ந்து படித்துக் காட்டுவார். அவளுக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை, பத்தாவது பாஸ். ஆனால், "உன் கையெழுத்தப் படிக்கறதுக்கு உத்திரமேரூர் கோயில் செவுத்துக் கல்வெட்டயே படிச்சிடலாம். நீயே படி மாமா" என்பாள்.

பாதிக் கதை தாண்டியதும் ஒருநாள் கீரை ஆய்கிற கை நிற்கும்.

"தோ, இவன்தான் மாமா."

"எவன்?"

"எண்ண செக்குக்காரன். செத்தவன் வூட்டுக்கு மொத மொத வரான்னு எழுதிக்கீற. வந்தவன் உள்ள போயி பானையில தண்ணி மொண்டு குடிக்கிறான். தண்ணிப் பானை எந்த மூலையில கீதுன்னு அவனுக்கு யாரு சொன்னா?"

தாமோதரனுக்குத் தூக்கிவாரிப் போடும். செக்குக்காரனுக்குத் தாகம் எடுக்குமே என்று பாவம் பார்த்து எழுதிய வரி அது! ஆனாலும் முகத்தை வைத்துக்கொண்டு, "பாக்கலாம், பாக்கலாம்" என்பார். அன்றோடு செக்குக்காரன் தப்பித்தான். அறைக்குப் போய் வேறு ஒருவன் தலையில் கொலையைக் கட்டிவிடுவார். இன்னொரு நாவலில், "இந்தாளு ஊர்ல எல்லார் பொண்டாட்டியப் பத்தியும் பேசறான், தன் பொண்டாட்டியப் பத்தி ஒரு வார்த்த பேசல பாத்தியா?" என்றாள். அவனும் விடுதலை.

இதுதான் அவருடைய தொழில் ரகசியம். பரிமளா யாரைக் காட்டுகிறாளோ அவனை விட்டுவிட வேண்டும். அவள் கதை கேட்கிற அழகு அப்படி. ஊரில் உலகத்தில் எல்லா வாசகர்களும் கடைசியில் அவள் சந்தேகப்பட்ட இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். அவளை ஏமாற்றினால் எல்லாரையும் ஏமாற்றிய மாதிரி. இதை அவர் ஆல்வினிடம் சொன்னதில்லை, பெற்ற பிள்ளையிடம் சொன்னதில்லை, பரிமளாவிடமோ மூச்சு விட்டதில்லை.

கடைசி அத்தியாயம் படிக்கிற அன்று அவள் முறத்தைக் கீழே வைத்துவிடுவாள். "அடப்பாவி மாமா! இவனா? இந்தப் பூனையா? திரும்பவும் ஏமாத்திட்டியே!" என்று தொடையைத் தட்டிக்கொண்டு சிரிப்பாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரிப்பாள். நெல் விளைந்தாலும் விளையாவிட்டாலும் தாமோதரன் அடுத்த நாவலை எழுத உட்கார்ந்தது அந்தச் சிரிப்புக்காகத்தான். வேறு எதற்காகவும் இல்லை.

கடைசி நாவலுக்கு 'வைரமேகத்துப் பிணம்' என்று பெயர். குடவோலை எடுக்கிற நாள். அன்று ஏரி வாரியத்துக்கு வரவேண்டிய பெரிய மனிதர் வைரமேகத் தடாகத்தின் மதகடியில் மிதக்கிறார். நீர்ப்பேய் இழுத்துவிட்டது என்கிறது ஊர். அவருடைய தம்பிமேல் சந்தேகம், சபைக் கணக்கன்மேல் சந்தேகம், ஓடக்காரன்மேல் சந்தேகம், பூ விற்கிற ஒரு விதவைமேலும் சந்தேகம். பதினேழாவது அத்தியாயம் படித்துக்கொண்டிருந்தபோது பரிமளாவின் கை நின்றது.

"தெரிஞ்சிபோச்சி."

"யாரு?" என்று தாமோதரன் ஆவலாகக் கேட்டார். அவருக்கே தெரியாதல்லவா!

"சொல்ல மாட்டேன்."

அத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. "இன்னாடி வெளாட்டு, சொல்லு" என்றார்.

"சும்மாதான் மாமா. நீ எழுது, நானும் பாக்கறேன்."

அன்று முழுக்க அவள் பின்னாலேயே சுற்றினார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனால் பின்னால் போனார், கொல்லைக்குப் போனால் கூடவே போனார். "தம்பிதானே? கணக்கன்தானே? தலையயாவது ஆட்டேன்!" என்றார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளே தவிர, ஒரு எழுத்து சொல்லவில்லை. "கன்னுக்குட்டியாட்டம் பின்னாடியே வராத, பாக்கறவங்க சிரிக்கப் போறாங்க" என்றாள். சிரித்தவள் அவள்தான்.

மறுநாள் காலையில் பம்ப்செட்டுப் பக்கம் விழுந்து கிடந்தாள். மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். காஞ்சிபுரம், அங்கிருந்து செங்கல்பட்டு. பேச்சு நின்றுவிட்டது. கண் மட்டும் திறந்திருந்தது. அவர் எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் வந்தது. அப்புறம் அதுவும் வரவில்லை.

இதெல்லாம் நாவலாக இருந்திருந்தால் அரிசிப் பானைக்குள்ளிருந்து ஒரு துண்டுச் சீட்டாவது கிடைத்திருக்கும். பரிமளாவுக்கு எதையும் எழுதிவைக்கிற பழக்கமே கிடையாது. சொல்லவேண்டியதை வாயால் சொல்லுவாள், அவ்வளவுதான். சொல்லாமல் வைத்திருந்தது அந்த ஒன்றுதான், அதையும் கையோடு கொண்டுபோய்விட்டாள்.

மூன்று வருஷம் ஆயிற்று. நாவலின் முதல் பாகத்தை ஆல்வின் எப்போதோ அச்சடித்துவிட்டார். இரண்டாம் பாகம் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று சொல்லிச் சொல்லி அவருக்கே வாய் வலித்தது. "சார், எவனையாவது ஒருத்தனப் புடிச்சிக் குடுங்க சார். வாசகர்கள் என்னைத்தான் கொல பண்ணிடுவாங்க போலருக்கு" என்று போனில் கெஞ்சுவார். தாமோதரன் தம்பியை வைத்து எழுதிப் பார்த்தார். பரிமளா சொல்லாமல் வைத்திருந்தது தம்பியாகவே இருந்தால்? கிழித்துப் போட்டார். கணக்கனை வைத்து எழுதினார். அதுவும் அப்படியே. யாரை விடுவது என்று தெரிந்தால்தானே யாரைப் பிடிப்பது என்று தெரியும்!

ஒருநாள் அத்தியாயத்தை எடுத்துப் போய் வினோத்குமாரிடம் படித்துக் காட்டினார். அவருக்கு ஒரே பிள்ளை. ஒரகடத்தில் கார் கம்பெனியில் ஷிப்ட் வேலை. பையன் மரியாதையாகத்தான் கேட்டான். முடிந்ததும், "சூப்பரா கீது நைனா" என்றான். அவ்வளவுதான். தாமோதரனுக்கு அழுகை வந்துவிட்டது. எழுந்து போய்விட்டார்.

அவருக்கு வேண்டியிருந்தது கொலைகாரன் பெயர் மட்டும் இல்லை. பெயரும்தான் வேண்டும், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் அதை அவள் சொல்ல வேண்டும். கை நின்று, கண் சுருங்கி, "தோ, இவன்தான் மாமா" என்று அந்தக் குரல் ஒருமுறை சொல்ல வேண்டும். காலையில் கீரைக்காரி தெருவில் கூவிக்கொண்டு போனாலே எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுவார். கீரை வாங்குவதையே விட்டுவிட்டார்.

இந்த நிலைமையில்தான் வினோத்துக்கு தாமல் பக்கத்தில் பெண் அமைந்தது.

இந்தப் பக்கத்தில் கல்யாணம் என்றால் முதலில் பூவாடைக்காரியைக் கூப்பிட வேண்டும். வீட்டில் புருஷன் இருக்கும்போதே பூவோடும் பொட்டோடும் செத்துப்போன பெண் யாரோ அவள்தான் பூவாடைக்காரி. ஏரியோ கிணறோ, தண்ணீர் இருக்கிற இடத்துக்குப் பங்காளிகளெல்லாம் சேர்ந்து போவார்கள். கலசத்தில் பூச்சுற்றி, புதுப் புடவை வைத்து, பம்பை அடித்து, அவள் பெயரைச் சொல்லிப் பாடிக் கூப்பிடுவார்கள். குடும்பத்தில் யாராவது ஒரு பெண்மேல் அவள் வந்து இறங்குவாள். கல்யாணத்துக்கு உத்தரவு கொடுப்பாள். அப்புறம் கலசத்தோடு வீட்டுக்கு அழைத்துவந்து படையல் போடுவார்கள். அவளைக் கூப்பிடாமல் பந்தக்கால்கூட நட மாட்டார்கள்.

தாமோதரன் வீட்டில் அதில் ஒரு சிக்கல். பூவாடையை வைத்தே அவர் ஒரு நாவல் எழுதியிருந்தார். பம்பைக்காரன் வீட்டு விவரத்தையெல்லாம் முதல் நாளே விசாரித்து வைத்துக்கொள்கிறான், காலையிலிருந்து சாப்பிடாத பெண்ணுக்கு வெயிலிலும் சத்தத்திலும் தலை சுற்றுகிறது, பம்பைப் பாட்டில் கேட்டதையே அவள் திருப்பிச் சொல்கிறாள் என்று நக்கன் அதில் புட்டுப் புட்டு வைத்திருந்தான். பங்காளிகள் கோபித்துக்கொண்டு ஒரு பொங்கலுக்கு அவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அதனால் வினோத் பயந்துகொண்டேதான் வந்தான்.

"நைனா, நீ திட்டினாலும் பரவால்ல. அம்மாவக் கூப்புடாம நான் தாலி கட்ட மாட்டேன்."

"கூப்புடு" என்றார் தாமோதரன்.

"இல்ல நைனா, சும்மா ஒரு..."

"அதான் கூப்புடுன்னு சொல்றேனே, காது கேக்கலியா?"

பையன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பம்பைக்காரர் சுகுமார் வந்து சேர்ந்தார். நாற்பது வயதுக்காரர், அவர் பம்பை அடிப்பதை யூடியூபில்கூடப் பார்க்கலாம். உட்காரும்போதே, "சார், உங்க பூவாடைக் கதையப் படிச்சிட்டு எங்க அப்பா ரெண்டு நாளு சோறு துன்னல சார்" என்றார். தாமோதரன் அசடு வழிந்தார். சுகுமார் பெரிய மனசு பண்ணி, பாட்டுக்குள் வைத்துப் பாடிக் கூப்பிடுவதற்காக அம்மாவைப் பற்றிக் கேட்டார். எந்தப் பூ வைப்பாள், என்ன சமைப்பாள், எப்படிப் போனாள், யார்மேல் உயிர். தாமோதரன் ஒன்று விடாமல் சொன்னார். முல்லைப் பூ, கருவாட்டுக் குழம்பு, பம்ப்செட்டு, வினோத்துமேல் உயிர். சொல்லச் சொல்ல, இதெல்லாம் நாளைக்குப் பாட்டில் வரும், பாட்டில் வந்தது அப்புறம் சாமி வாயில் வரும் என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அந்த நாவலைப் பற்றியோ, பதினேழாவது அத்தியாயத்தைப் பற்றியோ, அவள் சிரித்துக்கொண்டே சொல்லாமல் போனதைப் பற்றியோ ஒரு வார்த்தை விடவில்லை. அதை அவளுக்கென்று வைத்துக்கொண்டார். வருகிறது அவளாக இருந்தால் அவளுக்குத் தெரியும். இல்லையென்றால் நக்கன் சொன்னது சரி என்று ஆகிவிடும். கேட்பதா, வேண்டாமா என்று அன்று முழுக்க மனசு அடித்துக்கொண்டது. கேட்காவிட்டால் ஒருவேளை அவள்தானோ என்று காலம் பூராவும் நினைத்துக்கொண்டாவது இருக்கலாம். கேட்டுவிட்டால் அதுவும் போய்விடும். ஆனாலும் மூன்று வருஷமாகக் கேட்கக் காத்திருக்கிறவர் எப்படிக் கேட்காமல் இருப்பார்?

காலையில் ஏரிக்கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. மதகுக்குப் பக்கத்தில் மாவிளக்கு ஏற்றி, முல்லைச் சரம் சுற்றிய கலசத்தை வைத்து, மஞ்சள் புடவையைத் தாம்பாளத்தில் வைத்தார்கள். பரிமளாவின் தங்கை சிட்டம்மாள் ஐயங்கார்குளத்திலிருந்து வந்திருந்தாள். ரொம்ப அடக்கமான பெண்பிள்ளை. பள்ளிக்கூடமே போகாதவள். அக்கா புருஷனை நிமிர்ந்து பார்த்துப் பேசமாட்டாள். "வாங்க மாமா, சாப்டீங்களா மாமா" என்பதற்குமேல் வாயைத் திறந்ததில்லை.

சுகுமார் பம்பையை எடுத்தார். நல்ல கைதான், அதைச் சொல்ல வேண்டும். முல்லைப்பூ வச்சவளே, மகனை விட்டுப் போனவளே, தண்ணிக்குள்ள இருந்தாலும் தாயே நீ வா என்று அடிக்க அடிக்க, பெண்களெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வினோத் தேம்பினான். தாமோதரன் மட்டும் போலீஸ்காரர் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றார். சிட்டம்மாள் காலையிலிருந்து விரதம், வெயில் ஏறிவிட்டது, பம்பை காதோரத்தில் அடிக்கிறது என்று அவர் மனசு ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டது. முப்பது வருஷத்துப் பழக்கம், என்ன செய்வது?

சிட்டம்மாளின் தலை ஆடியது. தலைமுடி அவிழ்ந்தது. ஒரு கூச்சல் போட்டாள். இரண்டு பெண்கள் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார்கள்.

"யாரு வந்துகீறது? பேரச் சொல்லு தாயே!" என்றார் சுகுமார்.

"பரிமளா."

"மகன் கல்யாணத்துக்கு உத்தரவு குடுக்கணும் தாயே!"

"குடுத்தேன். எம்புள்ள நல்லா இருப்பான். என் கொலம் தழைக்கும்." அவள் கை நீண்டு வினோத்தின் கன்னத்தைத் தடவியது. "வேளைக்கு சோறு துன்றியாடா? எளச்சிட்டியேடா!"

வினோத் அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். எல்லாத் தாயும் சொல்கிறதுதான் என்றது தாமோதரன் மனசு. முல்லைப் பூ கேட்டாள். அது பாட்டில் வந்ததுதான். கருவாட்டுக் குழம்பு கேட்டாள். அதுவும் வந்தது. ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்துக்கொண்டே போன அந்த மனசை அவர் அன்று வெறுத்தார். சனியனே, ஒரு நிமிஷம் சும்மா இரு, என் பெண்டாட்டி வந்திருக்கிறாள் என்று அதை அதட்டினார். அது அடங்கவில்லை.

சுகுமார் கற்பூரத் தட்டோடு அவரிடம் வந்தார். "சார், நீங்க எதாவது கேக்கணும்னா கேளுங்க. அப்பால வூட்டுக்குக் கூட்டிக்கினு போயிடலாம்."

தாமோதரன் முன்னால் வந்தார்.

"வைரமேகத்து ஏரியில அவனக் கொன்னது யாரு?"

பம்பை சட்டென்று நின்றது. கூட்டத்தில் ஒருவர் முகம் ஒருவர் பார்த்தார்கள். "இன்னாது, கொலயா? எப்ப? எந்த ஏரியில?" என்று ஒரு பங்காளி பதறிப்போனார். வினோத்துக்குத்தான் புரிந்தது. எழுந்து ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்தான்.

"நைனா, வோணாம் நைனா. அம்மாவ டெஸ்ட் பண்ணாத. உன் கால்ல வுயறேன்."

"டெஸ்ட் இல்லடா" என்றார் தாமோதரன். "எனக்குத் தெரியணும்டா. அவகிட்ட தவிர நான் யார்கிட்டடா கேப்பேன்?" பிறகு சிட்டம்மாளைப் பார்த்தார். "பரிமளா, தெரிஞ்சிபோச்சின்னு சொன்னியே. யாருடி அது?"

சிட்டம்மாள் ஆடுவதை நிறுத்தினாள். நிமிர்ந்தாள். அக்கா புருஷனை இத்தனை வருஷமும் ஏறிட்டுப் பார்க்காதவள், அவர் கண்ணுக்குள் நேராகப் பார்த்தாள். வாயோரத்தில் சிரிப்பு வந்தது.

"சொல்ல மாட்டேன் மாமா" என்றாள். "சொன்னா நீ அவன வுட்டுட்டு வேற ஆளப் புடிப்ப. எத்தினி தபா பாத்துக்கீறேன்! ஒரு தபாவாச்சும் நான் ஜெயிக்க வோணாமா?"

தாமோதரன் பையனின் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டு இன்னும் கிட்டே போனார்.

அந்த நேரத்திலும் அந்தப் பாழாய்ப்போன மனசு வேலை செய்தது, பாருங்கள். சிட்டம்மாளுக்கு எழுத்து தெரியாது. ஒரு நாவலும் அவள் படித்ததில்லை. இந்த விஷயத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அப்படியானால் பரிமளா உயிரோடு இருந்தபோது தங்கையிடம் சொல்லியிருக்கிறாள். சொல்லியிருக்கிறாள் என்றால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவர் மாற்றுகிறார் என்று தெரிந்தும் ஒவ்வொரு நாவலுக்கும் கையைக் காட்டி, ஒவ்வொரு தடவையும் தோற்று, தொடையைத் தட்டிச் சிரித்திருக்கிறாள். அவர் எழுத வேண்டும் என்பதற்காக. வந்தது அவளோ, தங்கையோ, எப்படிப் பார்த்தாலும் இது மாறாது. நக்கனே வந்து விசாரித்தாலும் இங்கேதான் வந்து நிற்பான்.

"மாத்த மாட்டேன்!" என்று தாமோதரன் கத்தினார். மண்ணில் மண்டியிட்டுவிட்டார். பங்காளிகள் பார்க்கிறார்கள், பையன் பார்க்கிறான், எதுவும் தோன்றவில்லை. "மாத்த மாட்டேன் பரிமளா! நீ யாரச் சொல்றியோ அவனேதான். சத்தியமா அவனேதான். நீ ஜெயிச்சிட்டடி. பேர மட்டும் சொல்லிட்டுப் போடி! எனக்கு ஒண்டியா முடியல!"

சிட்டம்மாளின் வாய் திறந்தது. தட்டில் கற்பூரம் அணைந்தது. அவள் உடம்பு ஒருமுறை உதறிவிட்டு, பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் கையிலேயே சாய்ந்துவிட்டது.

"மலயேறிட்டாங்க" என்றார் சுகுமார் மெதுவாக.

யாரோ தண்ணீர் தெளித்தார்கள். சிட்டம்மாள் கண்ணைத் திறந்து, அவிழ்ந்த தலைமுடியைப் பார்த்து வெட்கப்பட்டு, அவசர அவசரமாக முடிந்துகொண்டாள். மண்ணில் உட்கார்ந்திருந்த அக்கா புருஷனைப் பார்த்து, "ஐயோ, இன்னா மாமா, ஏன் கீழ உக்காந்துகினு கீறீங்க?" என்று தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். அவளுடைய பழைய குரல்.

கேட்டிருக்கலாம். அக்கா உன்னிடம் என்னைப் பற்றி என்ன சொன்னாள், எப்போது சொன்னாள், கொலைகாரன் பெயரையும் சொன்னாளா என்று ஒரு கேள்வி போட்டிருந்தால் மர்மம் அங்கேயே உடைந்திருக்கும். நக்கனாக இருந்தால் கேட்டிருப்பான். தாமோதரன் கேட்கவில்லை. "ஒண்ணுமில்லம்மா, கால் தவறிடுச்சி" என்றார்.

கலசத்தைத் தூக்கிக்கொண்டு கூட்டம் வீட்டுக்குக் கிளம்பியது. வினோத் அப்பாவைத் தூக்கி நிறுத்தி, வேட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டான். அவர் அவன் கையை விலக்கிவிட்டு, பம்பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்த சுகுமாரிடம் போனார்.

"சுகுமாரு, இன்னொரு தபா கூப்புடுப்பா."

"சார்?"

"ஒரே ஒரு தபா. வந்து பேரச் சொல்லிட்டுப் போயிடட்டும்."

சுகுமார் சங்கடமாக நெளிந்தார். "ஒரு கல்யாணத்துக்கு ஒரு தபாதான் சார். போனவங்கள திரும்பத் திரும்ப இஸ்துக்கினு வரக்கூடாது. பேஜார் பண்ற மாதிரி ஆயிடும். அடுத்த கல்யாணம் வரட்டும் சார், நானே வந்து கூப்புடறேன்."

"எனக்கு ஒரே புள்ளப்பா."

"அதனால இன்னா சார்? பேரன் பொறக்க மாட்டானா? அவனுக்குக் கல்யாணம் வராதா?"

தாமோதரனுக்கு அறுபத்துநாலு வயது, சர்க்கரை வேறு. வினோத் இன்னும் தாலியே கட்டவில்லை. அவர் ஏரியைப் பார்த்தார். வெயிலில் தண்ணீர் சும்மாக் கிடந்தது.

"வரும்" என்றார். "அது வரைக்கும் இருக்கேன்." சுகுமார் தலையாட்டினார். ஆனால் தாமோதரன் சொன்னது அவரிடம் இல்லை.